சாம்பிள் டப்பாவில் மூன்று மீன்கள்

மலம் கொண்டுவரச் சொல்லிக் கொடுப்பார்களே, அந்தச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில்தான் போட்டுக் கொடுத்திருந்தார்கள். நீல மூடி. பக்கவாட்டில் பெயரும் வயதும் எழுத ஒரு வெள்ளைச் சீட்டு. பெயர் என்ற இடத்தில் யாரோ குண்டு குண்டான எழுத்தில் 'தொட்டிக்காரர்' என்று எழுதியிருந்தார்கள். வயது காலியாக இருந்தது. உள்ளே மூன்று மீன்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, கண் வெளிறிப்போய்க் கிடந்தன.

அப்பா டப்பாவைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். நான்காக மடித்த ஒரு தாளை அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு கை கழுவப் போனவர், கழுவிக்கொண்டே இருந்தார்.

வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த மகள் தாளைப் பிரித்தாள். வீட்டில் மட்டுமல்ல, தெரு முழுக்க அவளுக்கு டிகிரி என்றுதான் பெயர். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள். விலங்கியல் படித்தாள். கறுப்பு அங்கி போட்ட போட்டோ கூடத்தில் தொங்குகிறது. அந்தப் பட்டம் வாங்கிக் கொடுத்த வேலை, கால்நடை மருந்துக்கடையில் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பது. "ஆடு மூணு நாளா கழியுது, என்னம்மா குடுக்கலாம்?" என்று கேட்கிறவர்களுக்குப் பொட்டலம் எடுத்துக் கொடுப்பது. அதனால் டிகிரி என்று கூப்பிடும்போது பாதிப் பேர் பெருமையாகச் சொன்னார்கள், பாதிப் பேர் குத்திக்காட்டச் சொன்னார்கள். யார் எந்தப் பாதி என்று அவளுக்கு அத்துப்படி.

தாளில் டைப் அடித்திருந்தது: 'எனது கவனக்குறைவாலும், அழுக்கான வாளி, வலை முதலியவற்றைப் பயன்படுத்தியதாலும் பரிசோதனைக்கூடத் தொட்டியில் இருந்த மீன்கள் இறந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். இனி இக்கட்டடத்தில் எந்தத் தொட்டியிலும் பணி செய்ய மாட்டேன்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

அந்தக் கட்டடத்தில் மூன்று மாடி. தரைத்தளத்தில் ரத்தப் பரிசோதனைக்கூடம், மேலே பல் டாக்டர், கண் டாக்டர், குழந்தை டாக்டர். காத்திருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க ஒவ்வொரு வாசலிலும் ஒன்றோ இரண்டோ மீன்தொட்டி. அப்பா பராமரிக்கும் பதினொரு தொட்டிகளில் ஆறு அங்கேதான் இருந்தன. அந்தக் கோட்டில் கையெழுத்து விழுந்தால் ஆறும் போகும். மீதி ஐந்து, செய்தி பரவியதும் தானாகப் போகும்.

"இதுல கையெழுத்துப் போடப் போறீங்களா?"

"நாளைக்குக் காலையில கொண்டுவந்து குடுத்துடறேன்னு சொல்லியிருக்கேன்" என்றார் அப்பா, துண்டால் கையைத் துடைத்தபடி.

"எதை? கையெழுத்தையா, கழுத்தையா?"

"லேப் மேனேஜர் தன்மையாதாம்மா பேசினார். சத்தமில்லாம முடிச்சுக்கலாம்னார்."

"சத்தமில்லாம கழுத்தை அறுத்தா அது தன்மையா?"

அப்பாவிடம் அவளுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். தன்னைத் திட்ட வருகிறவருக்கு அவரே நாற்காலி இழுத்துப் போடுவார். முப்பது வருடமாக அடுத்தவர் தொட்டியில் தோள்வரை கைவிட்டுக் கழுவியவர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் பேசுவது தண்ணீருக்குள் கேட்காது என்று நினைத்துவிட்டாரோ என்னவோ.

அவள் ஒரு பழைய நாளிதழை விரித்தாள். டப்பாவைத் திறந்தாள். நாற்றம் குப்பென்று எழுந்தது.

"ஏய்! சாப்பிடற மேசைடி அது!" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள்.

"கழுவித் தர்றேன்மா."

"நீ மேசையக் கழுவுவ, என் மூக்கை யாரு கழுவறது?"

மீன்களின் வயிறு ஒட்டிப்போயிருந்தது. முதுகு கத்தி விளிம்பு மாதிரி. சாப்பிடாமல் செத்த மீனா என்று கேட்டால், இல்லை என்றார் அப்பா. "சாப்பிடத்தான் சாப்பிட்டுது. தின்னத் தின்ன இளைச்சுது. நீல மருந்து போட்டுப் பாத்தேன், உப்புப் போட்டுப் பாத்தேன். மூணு வாரமா நாளைக்கு ஒண்ணு, ரெண்டுன்னு போயிட்டே இருக்கு."

அவள் ஒரு மீனைக் கவிழ்த்தாள். கழிவு போகிற துளையில் சிவப்பாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. தையல்காரர் கத்தரித்துவிட மறந்த நூல்முனைகள் மாதிரி நான்கைந்து. பிளேடால் வயிற்றைக் கீறினாள். குடலுக்குள்ளும் அதே சிவப்பு.

"அப்பா, இங்க பாருங்க. அழுக்கு வாளியில இது வராது. இது புழு. குடல் சுவரைக் கவ்விட்டு ரத்தம் குடிக்கிற புழு. நீங்க போட்ட நீல மருந்தெல்லாம் தோலுக்கு. இது உள்ளே குடியிருக்கு."

அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "முப்பது வருஷத்துல இந்த நூலை நான் பாத்ததே இல்லையேம்மா" என்றார். வருத்தமாகச் சொன்னாரா, நிம்மதியாகச் சொன்னாரா என்று பிரித்தறிய முடியவில்லை.

மீதி இரண்டு மீன்களை டப்பாவிலேயே போட்டு மூடி, மூன்று பைகளில் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியில் பாலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அம்மா அன்று ராத்திரி பால் தொடவில்லை.

மறுநாள் காலை ஏழரை மணி. பரிசோதனைக்கூடம் நிறைந்திருந்தது. ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருந்தவர்கள். பசியில் இருக்கிற கூட்டத்துக்கு எப்போதும் ஒரு முறைப்பு இருக்கும். சுவரோரம் ஆறடித் தொட்டி. அதற்குள் எலும்பும் தோலுமாக மீதி மீன்கள்.

மேனேஜர் சட்டைப் பையில் மூன்று பேனா குத்தியவர். அப்பாவைத் தாண்டி அவளைப் பார்த்தார். "கையெழுத்துப் போட்டாச்சா?"

அவள் டப்பாவை மேசைமேல் டொக்கென்று வைத்தாள். "இதை மைக்ராஸ்கோப்புல பாக்கணும் சார்."

"இங்க மனுஷங்க சாம்பிள் மட்டும்தாம்மா பாப்போம்."

"தெரியும் சார். மனுஷங்க டப்பாவுல போட்டு, மனுஷன் பேரை எழுதி, நீங்கதானே குடுத்தனுப்பினீங்க? சாம்பிள் வந்தாச்சு. ரிசல்ட் வாங்காம நான் போறதா இல்ல."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வெறும் வயிற்றுச் சிரிப்பு. அது சீக்கிரம் பரவும்.

"குடு இங்க" என்று உள்ளறையிலிருந்து ஒரு கை நீண்டது. லேப் அக்கா. இருபது வருடமாக அந்த மைக்ராஸ்கோப்பில் ஊராரின் வயிற்றுப் புழுக்களைப் பார்த்துப் பார்த்தே மூக்கில் கண்ணாடித் தழும்பு விழுந்தவள். ஒரு சிவப்பு நூலைக் கண்ணாடித் துண்டில் வைத்துக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"அடியாத்தி! இது செத்தாலும் வயித்துக்குள்ள குட்டிங்க ஓடுதேடி! நூத்துக்கணக்குல ஓடுது!"

பரிசோதனைக்கூடத்தின் பெரிய டாக்டர் சத்தம் கேட்டு வந்தார். பார்த்தார். மேனேஜரையும் பார்க்கச் சொன்னார். மேனேஜர் ஒரு நொடி பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்.

நேற்று மாலையிலிருந்து அவள் அடக்கி வைத்திருந்தது அப்போது உடைத்துக்கொண்டது. "ஊரெல்லாம் வயித்துல புழு இருக்கான்னு பாக்க இங்கதான் வருது. உங்க வாசல்லயே மூணு வாரமா புழு தொங்கிட்டு இருக்கு. ஒருத்தரு குனிஞ்சு பாத்தீங்களா? வாளி அழுக்குன்னு டைப் அடிக்க மட்டும் நேரம் இருந்துது. எங்கப்பா திருப்பிப் பேச மாட்டாருன்னுதானே?"

"டிகிரி, போதும்மா" என்றார் அப்பா மெதுவாக.

டாக்டர் கோபப்படவில்லை. "சரி. புழு. ஒத்துக்கறேன். அது எங்கேர்ந்து வந்துது?"

"புது மீன் யாராவது விட்டாங்களா?"

லேப் அக்கா மேனேஜரைப் பார்த்தாள். வரவேற்பு மேசைப் பெண்ணும் மேனேஜரைப் பார்த்தாள். ஆறு வாரத்துக்கு முன், பதவி உயர்வு கிடைத்த அன்று, அவர் இருபது கப்பி மீன்கள் வாங்கிவந்திருந்தார். ரிப்பன் கட்டிய பை. பையைக் கிழித்து அப்படியே கொட்டினார். எல்லாரும் கைதட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

"தனியா ரெண்டு வாரம் வச்சுப் பாக்காம யாரு சார் அப்படிக் கொட்டுவாங்க?" என்றாள் அவள். "நோயை ரிப்பன் கட்டி நீங்க கொண்டுவருவீங்க, பழியை டப்பாவுல போட்டு எங்கப்பா கொண்டுபோகணுமா?"

மேனேஜரின் முகம் சுண்டிப்போனது. வரிசையில் இருந்தவர்கள் ரத்தம் கொடுப்பதையே மறந்து அவரைப் பார்த்தார்கள். அவளுக்கு அது இனித்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

டாக்டர் கையெழுத்து விழாத அந்தத் தாளை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். "மருந்து உனக்குத் தெரியும்னா போடு. ஒரு மாசம் டைம். அதுவரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும்."

மருந்து அவள் கடையிலேயே இருந்தது. ஆட்டுக்கும் கோழிக்கும் தண்ணீரில் கலந்து கொடுக்கிற குடற்புழுத் தூள். லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம், நானூறு லிட்டர் தொட்டி. தூளில் மருந்து எத்தனை பங்கு, மாவு எத்தனை பங்கு என்று கணக்குப் போட்டு, லேப் அக்காவின் தராசில் நிறுத்தாள். வடிகட்டிப் பெட்டிக்குள் இருந்த கரிப் பையை முதலில் உருவி வெளியே போட்டாள். கரி இருந்தால் மருந்தை அதுவே உறிஞ்சிக்கொள்ளும், மீனுக்கு ஒன்றும் மிஞ்சாது. விளக்கை அணைத்தாள். வெளிச்சம் பட்டால் மருந்து வீரியம் இழக்கும் என்று நான்கு பக்கமும் அட்டை வைத்து மூடினாள்.

"என்ன, தொட்டிக்கு ஆபரேஷனா?" என்று கேட்டார் ஊசி குத்திய கையை மடக்கிப் பிடித்திருந்த ஒருவர்.

மறுநாள் அட்டையை விலக்கியபோது அடிமணலில் சிவப்பு நூல்கள் சிதறிக் கிடந்தன. அப்பா குழாயைப் பிடிக்க, ஒவ்வொன்றாக உறிஞ்சி வாளிக்கு இறக்கினாள். மிஞ்சிய மருந்தை உறிஞ்சிக்கொள்ளக் கரிப் பையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள். "இந்த மருந்து புழுவை முடக்கித்தான் போடும்ப்பா. பிடி விட்டுக் கீழ விழும். எடுக்காம விட்டா இன்னொரு மீன் தின்னுட்டு மறுபடி ஆரம்பிக்கும். தப்பிச்ச குஞ்சுங்க இருக்கும், மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவை போடணும்."

அப்பா தலையாட்டினார். திரும்பி வரும் வழியில், "மேனேஜரைப் பாவம், அத்தனை பேர் முன்னாடி..." என்று இழுத்தார்.

"பாவமா? உங்களுக்குக் கோபமே வராதாப்பா?"

"வரும்" என்றார் அவர். "வந்துட்டுப் போயிடும்."

அடுத்த திங்கட்கிழமை மருந்துக்கடை விடுமுறை. மற்றத் தொட்டிகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று அவள் காலையிலேயே கிளம்பிப் பின்கட்டுக்கு வந்தாள். அங்கே அப்பாவின் சொந்தத் தொட்டி ஒன்று இருந்தது. அப்பா அதன் வடிகட்டியிலிருந்து பழுப்பேறிய ஸ்பாஞ்சைக் கழற்றி ஒரு வாளியில் பிழிந்துகொண்டிருந்தார். தண்ணீர் தேநீர் நிறத்தில் இறங்கியது. பக்கத்தில் ஒரு குவளை தயாராக இருந்தது.

"என்னப்பா இது?"

"திங்கக்கிழமைல்ல? சத்துத் தண்ணி. தொட்டிக்கு ஒரு குவளை."

"எந்தத் தொட்டிக்கு?"

"எல்லாத்துக்கும்தான். பதினொண்ணுக்கும்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன முழிக்கற? நீ சொன்னதுதானே!"

அவள் சொன்னதுதான். இரண்டாம் ஆண்டில், புதிதாகப் படித்ததை வீட்டில் கொட்டித் தீர்த்த நாட்களில், இதே இடத்தில் நின்று சொன்னாள். பழைய தொட்டியின் ஸ்பாஞ்சில் நல்ல கிருமிகள் குடியிருக்கும், அவை மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காக்கும், புதுத் தொட்டி வைக்கும்போது அந்த ஸ்பாஞ்சைப் பிழிந்து விட்டால் தண்ணீர் சீக்கிரம் பக்குவப்படும் என்று. அப்பா அன்று கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவள் சொன்ன எதையும் அவர் அப்படித்தான் கேட்பார்.

"புதுத் தொட்டிக்குன்னு சொன்னேன்ப்பா."

"புதுசுக்கே நல்லதுன்னா பழசுக்குக் கெட்டதா போயிடுமா? வாரா வாரம் குடுத்துட்டு வரேன். யாராவது என்ன ஊத்தறீங்கன்னு கேட்டா, என் பொண்ணு காலேஜ்ல படிச்சுச் சொன்னதுன்னு சொல்லுவேன்."

அவள் குனிந்து வீட்டுத் தொட்டியைப் பார்த்தாள். கடைசியாக அதை எப்போது பார்த்தாள் என்று நினைவில்லை. கறுப்பு மோலி மீன்கள். கறுப்பில் இளைப்பு தெரியாது. ஒன்று திரும்பியபோது வாலுக்குக் கீழே சிவப்பாக இரண்டு நூல்கள் ஆடின.

"இந்த மோலி எப்போ வாங்கினது?"

"மூணு மாசம் இருக்கும். பண்ணையிலேர்ந்து. வந்ததுலேர்ந்தே தேறல அதுங்க."

மூன்று மாதம். மேனேஜரின் கப்பிகள் வந்து ஆறு வாரம். வெளித்தொட்டியிலிருந்து ஒரு செடி, ஒரு நத்தைகூட வீட்டுத் தொட்டிக்கு வரக் கூடாது என்பது அப்பாவின் கறாரான சட்டம். அப்படியென்றால் நோய் போன திசை ஒன்றுதான். இங்கிருந்து அங்கே.

பிழிந்த தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் எடுத்து வெயிலில் பிடித்தாள். வெள்ளைப் புள்ளிகள் தத்தித் தத்தி நீந்தின. ஸ்பாஞ்சில் வாழ்கிற நுண்ணிய நீர்ப்பூச்சிகள். புழுவின் குஞ்சுகளை விழுங்கிச் சுமப்பவை. அவற்றை மீன் தின்னும். பரீட்சையில் இதற்குப் படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். வாரம் ஒரு குவளை, பதினொரு தொட்டி, மூன்று மாதம்.

அவள் தம்ளரைச் சுவரில் எறிந்தாள். அம்மா ஓடி வந்தாள்.

அவள் சொல்லி முடித்ததும் அப்பா பிழிந்த ஸ்பாஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மாதான் பேசினாள். "இப்ப என்ன குடி முழுகிப்போச்சு? மருந்து போட்டாச்சு, மீன் பொழைச்சுது. யாருக்குத் தெரியப்போகுது? அந்த மேனேஜர் என்ன உத்தமனா? வாயை மூடிட்டு மிச்சத் தொட்டிக்கும் மருந்தை ஊத்திட்டு வாங்க ரெண்டு பேரும்."

அம்மா சொன்னதில் ஒரு தவறும் இல்லை. அதுதான் அவளுக்கு எரிந்தது. அந்தத் தாள் பொய் என்று ஊர் முன்னால் கத்தியவள் அவள். மேனேஜர் முகம் சுண்டி நின்றது நினைவுக்கு வந்தது. அன்று இனித்தது இப்போது நாக்கில் கசந்தது. மேனேஜர்மேல் கோபம், அம்மாமேல் கோபம், அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போன அந்த இரண்டாம் ஆண்டுப் பெண்மேல் கொலைக் கோபம்.

அந்த வாரம் கடையில் விடுப்பு எடுத்தாள். வீட்டுத் தொட்டிக்கும் மீதிப் பத்துத் தொட்டிகளுக்கும் மருந்து போட்டார்கள். ஒவ்வோர் இடத்திலும், "புழு எங்ககிட்டேர்ந்துதான் வந்திருக்கு, சரி பண்ணிடறோம்" என்று அவளே சொன்னாள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அவளிடமும் பேசவில்லை. இரண்டு இடங்களில், மருந்து போட்ட கையோடு இனி வரவேண்டாம் என்றார்கள். பல் டாக்டர் மட்டும், "என்கிட்ட வர்றவங்க யாரும் இவ்வளவு சீக்கிரம் உண்மையைச் சொல்றதில்லம்மா" என்று சிரித்து, அதோடு விட்டுவிட்டார்.

பரிசோதனைக்கூடத்துக்கு மட்டும் அவள் வாயால் சொல்லவில்லை. எழுதினாள். ஐந்து தடவை கிழித்து எழுதினாள்.

மூன்று வாரம் கழித்து, இரண்டாவது முறை மருந்து போடும் நாள். மீன்கள் கொஞ்சம் சதை போட்டிருந்தன. வரிசையில் அதே வெறும் வயிற்றுக் கூட்டம், ஆட்கள்தான் வேறு. அவள் நேரே பெரிய டாக்டரின் மேசைக்குப் போய்த் தாளை நீட்டினாள். அப்பா வாளியோடு பின்னால் நின்றார். அப்படி ஒரு தாள் இருப்பதே அவருக்குத் தெரியாது.

டாக்டர் கொஞ்சம் சத்தமாகவே படித்தார். புழுவின் பெயர், ஸ்பாஞ்ச், குவளை, மூன்று மாதம் எல்லாம் இருந்தது. மேனேஜர் கொண்டுவந்த மீன்களால் நோய் வரவில்லை என்று இருந்தது. கடைசியில்: "'என் அப்பா நான் சொல்லிக் கொடுத்தபடியே செய்தார். அவருக்கு இதில் எதுவும் தெரியாது. தவறு முழுவதும் என்னுடையது.'"

"எங்க, அதை இப்படிக் குடுங்க சார்" என்றது ஒரு குரல்.

அப்பாவின் குரல்தான். ஆனால் வீட்டில் அவள் கேட்டிராத குரல். அவர் தாளை வாங்கி உதடசைய மெதுவாகப் படித்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எனக்கு எதுவும் தெரியாதா?"

"அப்பா, நான்..."

"முப்பது வருஷமா தொட்டிக்குள்ள கை வச்சிருக்கேன். எனக்கு எதுவும் தெரியாதா? நீ புதுத் தொட்டிக்குன்னு சொன்ன. நான்தான் எல்லாத்துக்கும் ஊத்தினேன். பண்ணை மீனைத் தனியா வைக்காம விட்டது நான். இளைச்சுட்டு வருதேன்னு கண்ணால பாத்துக்கிட்டே குவளையில மொண்டு ஊத்தினது நான். என் கை பிழிஞ்சுது. நல்லா செஞ்சதெல்லாம் நீ படிச்சுச் சொன்னதுன்னு நானே ஊரெல்லாம் சொல்லிக் குடுத்துட்டேன். தப்பு ஒண்ணுதான் எனக்குன்னு மிஞ்சுது. அதையும் எடுத்துக்குவியா?"

ரத்தம் எடுக்கும் அறையிலிருந்து லேப் அக்கா ஊசியைப் பிடித்த கையோடு எட்டிப் பார்த்தாள். கோபமே வராதா என்று மகள் கேட்டாளே, வந்திருந்தது. வந்துவிட்டுப் போகிற கோபமாகவும் தெரியவில்லை.

அப்பா மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்தார். யாருக்கும் போடவில்லை. தானே உட்கார்ந்தார். மேனேஜரின் பக்கம் கையை நீட்டி, "ஒரு பேனா குடுங்க" என்றார். மேனேஜர் மூன்றில் எதை உருவுவது என்று தடுமாறி, நடுவில் இருந்ததைக் கொடுத்தார். கடைசி மூன்று வரிகளை அப்பா நேர்க்கோடாக அடித்தார். கீழே தன் பெயரை, பள்ளிக்கூடத்தில் எழுதக் கற்ற அதே பெரிய எழுத்தில், முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

டாக்டர் மேசை இழுப்பறையைத் திறந்து பழைய தாளை எடுத்தார். "அப்ப இது?"

"அதுல வாளி அழுக்குன்னு இருக்கு சார்" என்றார் அப்பா. "என் வாளி அழுக்கில்ல."

டாக்டர் வாளியை எட்டிப் பார்த்தார். பிறகு பழைய தாளை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். "ஆனா ஒரே வாளி, ஒரே வலையோட மாடி மாடியா ஏறக் கூடாது. ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனி."

"வாங்கியாச்சு சார். ஆறும் ஆறு கலர்."

"அப்ப வேலையைப் பாருங்க."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "அப்போ என் கப்பி மேல ஒரு தப்பும் இல்ல?"

அவளுக்குப் பல்லைப் பிடுங்குவது போலிருந்தது. ஆனாலும் திரும்பினாள். அன்று எவ்வளவு சத்தமாகச் சொன்னாளோ அவ்வளவு சத்தமாகவே சொன்னாள். "இல்ல சார். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உங்களைச் சொன்னது தப்பு. மன்னிச்சுக்குங்க." நிறுத்தினாள். நிறுத்த முடியவில்லை. "ஆனா கவரைக் கிழிச்சு அப்படியே கொட்டினது தப்புதான். அதுக்கு நான் மன்னிப்பு கேக்கல."

"அதானே பாத்தேன்" என்றாள் லேப் அக்கா உள்ளேயிருந்து.

தொட்டிக்குப் பக்கத்தில் அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தார்கள். அவள் தூளைக் கரைத்தாள். அவர் அட்டைகளை வைத்தார். அவள் விளக்கை அணைத்தாள். மருந்தை ஊற்றக் கிண்ணத்தைச் சாய்த்தபோது அவர் கை குறுக்கே வந்தது.

"கரியை எடுத்தியா?"

"எடுத்தாச்சு" என்றாள் வெடுக்கென்று.

அப்பா வடிகட்டிப் பெட்டிக்குள் கைவிட்டார். சொட்டச் சொட்டக் கரிப் பையை வெளியே தூக்கி, அவள் மூக்குக்கு நேரே பிடித்தார். கறுப்புத் தண்ணீர் அவள் செருப்பின்மேல் சொட்டியது.

"இதையும் எழுதிக் குடுத்துடலாமா, டிகிரி? பேனா இருக்கு."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதன் பின்னாலேயே சிரிப்பும் முண்டியது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் பையை அவர் கையிலிருந்து பிடுங்கி வாளிக்குள் எறிந்தாள்.

"ஊத்துங்க முதல்ல" என்றாள்.

அவர் ஊற்றினார்.